அம்மாவின் பாம்படமும் துரைசானி பிடித்த படமும்

என் தகரப் பெட்டியின் அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றி, அம்மா காதில் தொங்கிய கனத்த பாம்படம் இருக்கிறது. எனக்கென்று விட்டுப் போனாள். மாட்டிக்கொள்ளத்தான் எனக்குத் தொங்கும் காது இல்லை. அதை அறுத்துத் தைக்கச் செய்தவள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய வெள்ளைக்காரத் துரைசானி. அவள் பேச்சை எடுத்தால் ஊரே இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறது. எனக்குக் கை எழவில்லை.

குளத்தில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தவள் அவள். மாட்டுவண்டியில் எங்கள் ஊர் தேவதானத்துக்கு வந்து, வீடு வீடாகப் பெண்பிள்ளைகளைக் கேட்டாள். அப்பா இல்லாத வீடு. சோறும் படிப்பும் கிடைக்குமென்று அம்மா என்னை அனுப்பினாள். சேர்ந்த மறுநாள்தான் நிபந்தனை தெரிந்தது. "தொங்கும் காது அஞ்ஞானத்தின் அடையாளம். இதோடு இங்கே படிக்க இயலாது" என்றாள், தன் புத்தகத் தமிழில். துளை இறங்க ஈயக் குணுக்கு மாட்டி, எண்ணெய் தடவி, தோளைத் தொடும்படி அம்மா வளர்த்த காது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே காலையில் வேலை முடிந்தது. பார்க்க வந்த அம்மா தையலைத் தடவிப் பார்த்தாள். "ஏட்டி, நாலெழுத்து படிக்கேல்லா, அது போதும்" என்றாள்.

அன்றே துரைசானி அம்மாவை வேப்பமரத்தடியில் நிறுத்தி, பாம்படம் நன்றாகத் தெரியும்படி முகத்தைத் திருப்பிவைத்துப் படம் பிடித்தாள். மகளுக்கு ஆகாத காது தாய்க்கு மட்டும் எப்படி ஆயிற்றென்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கோ பெருமை பிடிபடவில்லை.

சில வருடம் கழித்து அந்தப் படம் துரைசானியின் தேசத்தில் அச்சாகி வந்தது. கூமாப்பட்டியிலும் சுந்தரபாண்டியத்திலும் பள்ளி கட்ட உதவி கேட்கும் தாள் அது. அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தாள்.

"எம் படத்துக்குக் கீழே இங்கிலீசுல என்னமோ போட்டிருக்கே. செத்த வாசிச்சுச் சொல்லு."

'இருளில் கிடக்கும் அஞ்ஞானப் பெண்' என்று போட்டிருந்தது. துரைசானி சிரித்த முகமாகப் பக்கத்திலேயே நின்றாள். அது வசையென்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"பிள்ளைய படிக்க வச்ச நல்ல தாயின்னு போட்டிருக்கும்மா" என்றேன்.

பொய் சொன்னதற்காக அன்று சாயங்காலம் துரைசானி என்னை முழங்காலில் நிறுத்தினாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று அவள் கட்டிய பள்ளியிலேயே வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். கட்டடம் உறுதியானதுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அம்மா சாகும்வரை வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தத் தாளைக் காட்டினாள். "எம் மக வாசிச்சுச் சொன்னா" என்பாள். இப்போது சேலைத் துண்டைப் பிரித்தால் பாம்படத்தோடு அதுவும் இருக்கிறது. அந்த ஒரு வரியை வாசிக்கத்தான் நான் காதைக் கொடுத்தேன்.