இரும்பு ஏறியிருக்கு

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே ரத்தம் பத்தாது. கண்ணுக்குக் கீழே இழுத்துப் பார்க்கும் நர்ஸம்மா ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவார். அம்மாவும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி என்று திணித்துத் திணித்துப் பார்த்தாள். ஏறவே இல்லை. "திங்கறதெல்லாம் எங்கதான் போவுதோ" என்பாள்.

கொரோனா இரண்டாம் அலையில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, கொரோனாதான் என்று முடிவும் வந்தது. வேப்பந்தட்டைப் பக்கம் அம்மாவும் அவளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். நான் வாக்கப்பட்டு அரியலூரில். பெரம்பலூரில் டாக்டரிடம் காட்டி, அவர் எழுதிய டெஸ்டுக்கு லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். அங்கே இருப்பது பட்டன் போன், அதனால் ரிப்போர்ட் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. சி.ஆர்.பி., டி-டைமர், ஃபெரிட்டின். மூன்றுக்கும் பக்கத்தில் மேலே பார்த்த அம்புக்குறி. ஒரு எழவும் புரியவில்லை. லேபுக்குப் போன் போட்டால் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். ஃபெரிட்டின் என்றால் என்ன என்று விடாமல் பிடுங்கியதில், "ஒடம்புல இரும்பு எவ்ளோ சேந்திருக்குன்னு காட்டுறதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன்.

"இரும்பு ஏறியிருக்கா? நெறையவா?"

"ரொம்ப நெறையம்மா."

"ஏய், ஒனக்கு ரத்தம் ஊறிடுச்சாம்டி" என்று அவள் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பது போனில் கேட்டது. அம்மா அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரும்பு ஏறியது சரி, மற்ற இரண்டும் ஏன் ஏறின? டாக்டருக்கு அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. வீட்டுக்காரர் என்ன ஏது என்று கேட்க, அவர்மேல் எரிந்து விழுந்தேன். மறுநாள் காலையில்தான் டாக்டர் எடுத்தார். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டி, ரத்தம் ஊறிடுச்சா என்று கேட்டேன்.

"அது ரத்தம் ஊறுறது இல்லம்மா. உள்ளுக்குள்ள அழற்சி ஏறுது. மூணும் சேந்து இப்படி ஏறுனா நோய் முத்தலாம்னு முன்கூட்டியே சொல்லுது. மூச்சு நல்லா இருக்கும்போதே கொண்டாந்து சேருங்க."

உடனே ஊருக்கு அடித்தேன். அக்கா எடுத்தாள். டாக்டர் உடனே வந்து சேரச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். அறுத்த சின்ன வெங்காயம் கெடாமல் குவித்து வைக்கப் பட்டறை போட்டு மூட ஆட்கள் வந்திருக்கிறார்களாம்.

"மூச்சு நல்லாதான்டி இருக்கு. ரத்தமும் ஏறிடுச்சு. நாளைக்கு வரேன்."

"வாயில நல்லா வருது எனக்கு. கெளம்புடி மொதல்ல."

"நான் ஒனக்கு அக்காடி" என்று சிரித்தாள். சிரிப்பின் நடுவிலேயே இருமினாள். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யாரு திரும்பி வந்தா? இப்பதான் ஒடம்பு தேறுது. கண்ணு வெக்காத, போன வையி."

இனிமேல் இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிமெண்டு லாரிக்காரன் ஒவ்வொருத்தனும் வழியை மறித்துக்கொண்டு போனான். எல்லோரையும் திட்டிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, பட்டறையை மூடியாச்சா என்று கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

முந்தின நாளே சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதில் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. அந்த இரும்பு என்ன என்று தெரிந்தால் அம்மா என்ன ஆவாள்?

வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுகிற ஆள் நான், ஊருக்கே தெரியும். முருங்கை தழைக்கும்போதெல்லாம் கீரையை உருவிக்கொண்டே அம்மா கேட்கிறாள்.

"அவ்ளோ ரத்தம் ஊறியுமாடி போயிட்டா?"

"ஆமாம்மா" என்கிறேன். "நீ போட்ட சோறு, நல்லாதான் ஊறியிருந்துச்சு."