சுடுதண்ணீர் அலமாரியில் ஓணான் முட்டைகள்

ஹில்ஸ்பரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சுடுதண்ணீர்த் தாங்கி இருந்த அலமாரி அம்மாவின் ஆட்சிக்கு உட்பட்டது. ஓக்லண்ட் குளிருக்குத் தோசைமா வேறெங்கும் புளிக்காது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், அந்த இடத்தில் மாமா பங்கு கேட்டு வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து வந்து எங்களோடு தங்கி, ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கொஞ்சம் காசு சேர்ந்ததும் அவர் ஆசைப்பட்டு வாங்கியது, கழுத்தில் தாடிபோல முள் வைத்த ஓர் ஓணான்.

“ஊரில கல்லெறிஞ்சு கலைக்கிற சாமானை இஞ்ச காசு குடுத்து வாங்கியிருக்கிறான்” என்று அம்மா பொருமினார். அது மாமாவின் அறையைவிட்டு வெளியே வரக்கூடாது என்று ஒப்பந்தமானது. பிறகு ஆல்பனியிலிருந்த நண்பர் ஒருவரின் ஆண் ஓணான் ஒரு வாரம் விருந்துக்கு வந்துபோனது. முட்டைகளைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

மாமா ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் ஈரம் பிடித்து வைக்கும் துகளை நிரப்பி, முட்டைகளை அதில் பாதி புதைத்து, தோசைமாச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். துகளை உள்ளங்கையில் பிழிந்தால் ஒரு துளி மட்டும் சொட்ட வேண்டும். ஈரம் குறைந்தால் முட்டை சுருங்கும். கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். கோழி முட்டைபோலத் திருப்பவும் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மூடியில் பூத்திருக்கும் நீரைத் துடைப்பது என் வேலை.

“திறந்து வைச்சால் ஈரமெல்லாம் போயிடும், பிள்ளை. பார்த்தவுடன மூடிப்போடு” என்பார் மாமா.

துகளை நனைக்க மாமா பின்வளவில் நின்றபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டி என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பாம்பு முட்டை பொரிக்க வைக்கிறேன் என்றாராம் மாமா. பாம்பே இல்லாத நாடு இது, வளர்ப்பதும் குற்றம். இரவுச் சாப்பாட்டில் அதைச் சொல்லி மாமா சிரிக்க, நாங்களும் சிரித்தோம். கிழவர் மட்டும் சிரிக்கவில்லைப் போலும்.

அடுத்த சனிக்கிழமை சீருடை போட்ட இருவர் கதவைத் தட்டினார்கள். அப்பா கடைக்குப் போயிருந்தார், மாமா வேலையில். அம்மா மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தார். பாம்பு முட்டை இருக்கிறதாமே என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான் பெருமையோடு அலமாரிக்குக் கூட்டிப்போனேன். ஒருவர் மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஈரம் போகிற கவலை.

யாருடைய முட்டை என்று மற்றவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் மாவுக் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

“என்னுடையது” என்றார் அம்மா ஆங்கிலத்தில். “வேறு ஒருவருக்கும் இதைப் பற்றித் தெரியாது.”

ஓணானைத் தொடவே கூசுகிறவர் இப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தடுப்பதற்குள் ஓடிப்போய் மாமாவின் அறைக் கதவைத் திறந்து ஓணானைக் காட்டினேன். வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அலமாரிக்கு முன்னால் தரையில் அப்படியே இருந்துவிட்டார்.

இரவு நான் முறைப்பாடு வைத்தேன். “மாமா, அம்மா பொய் சொன்னவ. முட்டை தன்ர எண்டு சொன்னவ. அவையள் மூடியைக் கனநேரம் திறந்து வைச்சிட்டினம்.”

மாமா சாப்பாட்டிலிருந்து கையை எடுத்தார். “அக்கா” என்றார்.

“சாப்பிடு” என்றார் அம்மா.

ஊரில் சீருடைக்காரர் வீட்டுக்கு வந்தால் இளம் ஆண்களைத்தான் கொண்டுபோவார்கள் என்பதும், மாமாவை ஒருமுறை அப்படிக் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பதும் வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மாமா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி அழுகிறார் என்பதுதான். முட்டைக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் போய், அவர்கள் போன உடனே நான் மூடிவிட்டேன், ஈரம் அவ்வளவாகப் போகவில்லை என்று ஆறுதல் சொன்னேன்.