துறைமுகத்துக்குப் போகாத பாறை

கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கிழக்கே கை காட்டத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் சுதந்திரம் வந்த கையோடு, தூத்துக்குடித் துறைமுகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும், கப்பலை எங்கே நிறுத்துவது என்று டீக்கடையில் எல்லோரும் யோசனை சொன்னார்கள். உப்புத் தண்ணீரில் கால் நனைக்காதவர்கள்தான் அதிகமாகச் சொன்னார்கள்.

சண்முகையாவின் யோசனை மட்டும் வேறு. குருவிகுளம் சாலையில் அவருக்கு இருந்த மானாவாரிப் புஞ்சையில் பாதி பாறை. துறைமுகம் என்றால் கடலுக்குள் சுவர் எழுப்புவார்கள், சுவருக்குக் கல் வேண்டும். கல்லை விற்றால் அந்தப் புஞ்சையில் ஒரு கிணறு வெட்டிவிடலாம். மழைக்காக வானத்தைப் பார்த்தே காலம் கழித்த மனுஷனுக்கு அதற்கு மேல் ஆசை இல்லை.

தொல்லை என்னவென்றால், ஊரில் வீடு கட்டுகிறவன் எல்லாம் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து அவர் பாறையில் ஓசியாகக் கல் உடைத்துப் போனான். சொல்லிப் பார்த்தார், சண்டை போட்டும் பார்த்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பாறை மேல் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, "சுடலைமாடன் கனவுல வந்து, இங்கனதான் இருக்கேன்னு சொல்லிட்டாரு" என்று ஊருக்குள் சொல்லிவிட்டார். மனைவி பேச்சிக்கு மட்டும் உண்மை தெரியும்.

அதன் பிறகு ஒருவனும் அங்கே கல் உடைக்கவில்லை. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? வருஷா வருஷம் பொங்கல் வைத்தது, கிடா வெட்டியது. சண்முகையாவே முன்னால் நின்று, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே திருநீறு கொடுத்தார். பிறகு அவர் மகள் காய்ச்சலில் விழுந்தாள். வைத்தியர் கையை விரித்துவிட்டார். அன்று சண்முகையா யாருக்கும் தெரியாமல் பாறைக்குப் போய், தான் நட்ட கல்லின் முன்னால் விழுந்து அழுதார். பெண் பிழைத்துக்கொண்டாள். சிரிப்பு அதோடு போயிற்று.

ஐம்பத்தைந்தில் தூத்துக்குடியிலிருந்து தாவூது என்ற கான்டிராக்டர் கல் தேடி வந்தே விட்டார். பாறையைத் தட்டிப் பார்த்து மெச்சினார். அவருடைய கூலியாட்களோ மஞ்சள் கல்லைப் பார்த்ததும் சம்மட்டியைக் கீழே போட்டார்கள். வேறு வழியில்லாமல் சண்முகையா ஊர் முன்னால் உண்மையைச் சொன்னார்.

"நாந்தான் நட்டேன். கனவும் வரல, ஒண்ணும் வரல."

"சாமிதான் ஒம்ம கையால நட வச்சிருக்காரு வே" என்றார் பக்கத்துப் புஞ்சை மருதப்பன். அவர் புஞ்சையிலும் பாறை இருந்தது. அதில் சாமி இல்லை.

தாவூது பொறுமையான மனிதர். "சாமி காரியத்துல நான் தலையிட மாட்டேன் அண்ணாச்சி. நீங்க நட்டதுன்னா நீங்களே எடுத்துட்டு மொத அடி அடிச்சுக் குடுங்க. பொறவு ஆளுங்க அடிப்பாங்க" என்றார். ஊரும் சரி என்றது.

சண்முகையா சம்மட்டியை ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். கை வெடவெடவென்று நடுங்கியது. மெல்ல அதைக் கீழே இறக்கி வைத்தார்.

"நீரு வச்ச கல்லுதான, எடுத்துப் போடும்!" என்று பேச்சி பல்லைக் கடித்தாள். கிணற்றுக்காக அவளும்தான் ஏழெட்டு வருஷம் காத்திருந்தாள்.

"வைக்கும்போது வெறுங்கல்லுதான் ஏட்டி. இப்ப சாமியால்லா இருக்கு" என்றார் சண்முகையா.

தாவூது மருதப்பன் பாறையைப் பேசி முடித்தார். மருதப்பன் புஞ்சைக்குக் கிணறு வந்தது. அந்தப் பாறையில் கூலிக்குக் கல் உடைத்தவர்களில் சண்முகையாவும் ஒருவர். அங்கே அவர் கை ஒரு தடவைகூட நடுங்கவில்லை.