சாட்சி நேரத்தில் ஒரு பாட்டு

கவரைப்பேட்டையில் மழைக்கு ஒரு தகரக் கூரைச் சபையின் வாசலில் ஒதுங்குகிறேன். உள்ளே சாட்சி நேரம். கர்த்தர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்கிறார்கள். கம்பெனிப் பெண்களுக்குச் சங்கம் நடத்தும் எஸ்தர் அக்காவும் வெளியிலேயே நிற்கிறார்.

"உள்ளே போகலையாக்கா?"

"போன வாரம் மைக்க புட்ச்சிக்கினு, 'நம்ம சபை மூப்பரு பொண்டாட்டிய அடிக்கிறாரு, கேளுங்க'ன்னேன். பாஸ்டரு பாட்டு எட்த்துட்டாரு. இனிமே பொம்பளைங்களுக்கு மைக் இல்லியாம்."

அந்த மூப்பரின் மனைவியே இப்போது எழுந்து நிற்கிறார். உதடு வீங்கியிருக்கிறது. அவர் வாய் திறப்பதற்குள் கீபோர்டு முந்திக்கொள்கிறது. சபை கைதட்டிப் பாடுகிறது.

எனக்கும் தெரிந்த பாட்டுதான். எஸ்தர் அக்கா என் கைகளையே பார்க்கிறார். அப்போதுதான் தெரிகிறது, நானும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.