சுலோஜனா சொன்ன ஒன்பது மணித்தியாலம்

சுலோஜனாவிடம் யாரும் நேரம் கேட்கக்கூடாது. கேட்டால், நேரத்தோடு வாவியின் நீர்மட்டத்தையும் சேர்த்தே சொல்லிவிடுவாள். பதினாலு மாதமாக அவளுக்கு அதுதான் வேலை. நூறு வயதை எட்டப்போகிற மட்டக்களப்பு ரயில் பாதையில், வெள்ளைக்காரன் போட்ட இரும்புப் பாலம் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே கல்தூண்களின் மேல் அதே சாயலில் புதுப் பாலம் வைக்கிறார்கள். தூணுக்குப் பக்கத்தில் அளவுக்கோடு போட்ட கம்பம் ஒன்று தண்ணீரில் நிற்கிறது. அதை நாளுக்கு மூன்று தரம் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறவள் அவள்.

குருக்கள்மடத்தில் பிறந்து, ஏறாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இறால் தரம்பிரித்துக்கொண்டிருந்தவளுக்கு இந்த வேலை கிடைத்ததே ஒரு சண்டையால்தான். அவளுக்கு முன் கம்பம் பார்த்தவர், பாயில் படுத்தபடியே எழுதுகிற ரகம். "ஆத்துத் தண்ணி முழங்காலளவு ஏறிக் கிடக்கு, இவர் நேத்தையான் நம்பரையே எழுதுறார்!" என்று வேலைத்தளத்துக்கே வந்து சத்தம் போட்டாள். பொறியியலாளர் ஸாதியா போய்ப் பார்த்தாள். அடுத்த நாள் கொப்பி சுலோஜனாவின் கையில் இருந்தது. நாற்பத்திநாலு வயதில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவளைக் கண்டு புருஷன் வினாயகமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். அவளும் சிரித்தாள், ஆனால் கழற்றவில்லை.

மார்கழி மழை அடித்து ஊற்றியது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக்கிடந்தது. போக வழியில்லாத தண்ணீர் வாவியில் ஏறிக்கொண்டே வந்தது. அந்த ஏற்றம் ஸாதியாவுக்கு வேண்டும். கரையில் பொருத்திய எண்பது தொன் பாலத்தை இரண்டு மிதவைகளில் ஏற்றித் தூண்களுக்கு மேலே கொண்டுபோக, தண்ணீர் கம்பத்தில் ஒன்று எண்பது மீற்றருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். சனிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தாள். அதே தண்ணீர்தான் வினாயகமூர்த்தியின் வயல்வட்டையில் ஐம்பது நாள் நெற்பயிரை மூடியிருந்தது. விவசாயிகள் கச்சேரி அலுவலகத்தில் ஒற்றைக் காலில் நிற்க, வியாழன் விடிய ஆற்றுவாய் வெட்டுவதென்று முடிவாயிற்று. மணலை வெட்டிவிட்டால் வாவி கடலுக்கு ஓடிவிடும்.

ஸாதியாவின் முகம் விழுந்துவிட்டது. "கச்சேரிக்குக் கடிதம் குடுப்பம் அக்கா. மூணு நாள் பிந்தி வெட்டட்டும்."

சுலோஜனா வயலை நினைத்தாள். மூன்று நாளில் பயிர் அழுகிவிடும். கொப்பியை விரித்தாள்.

"மிஸ், இஞ்ச பாருங்க. போன வருஷம் விடிய ஆறு மணிக்கு வெட்டினவங்க. நம்மட கம்பத்தில பின்னேரம் மூணு மணிக்குத்தான் தண்ணி அசைஞ்சிருக்கு. ஒம்பது மணித்தியாலம்! வியாழனே மிதக்க விடுவம். தூணுக்கு மேல கொண்டு நிப்பாட்டினா மறுகா ஆத்துத் தண்ணி தன்ட பாட்டில இறங்கும், பாலமும் அதோட இறங்கிக் குந்தும்."

ஸாதியா கொப்பியைக் கிட்ட இழுத்தாள். மிதவைகளுக்குப் பொறுப்பான மர்சூக், கத்தாரில் பதினொரு வருஷம் பாரம் தூக்கிவிட்டு வந்த ஓட்டமாவடிக்காரர், தலையைச் சொறிந்தார்.

"கோவிக்காதீங்க அக்கா. உங்கட வயல் தண்ணிக்குள்ள தாண்டுபோகுதெண்டுதானே சொல்றீங்க?"

சுலோஜனாவுக்குச் சுரீரென்றது. கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது. இல்லையென்று அவளாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. "கொப்பியில எழுதினது என்ட கை. வயல் வந்து எழுதல்ல" என்று மட்டும் சொன்னாள். ஸாதியா கொப்பியை மூன்று தரம் புரட்டினாள். பிறகு, "வியாழன்" என்றாள்.

வியாழன் காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் இயந்திரம் மணலைக் கிழித்தது. ஒன்பதரைக்கு இங்கே பாலம் கரையை விட்டு நகர்ந்தது. எண்பது தொன் இரும்பு தண்ணீரில் போவதைப் பார்க்க இரண்டு கரையிலும் சனம் திருவிழாக் கூட்டமாய் நெருக்கியடித்தது, கச்சான் கடலை விற்கிறவர்கூட வந்துவிட்டார். சுலோஜனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கண் மட்டும் கம்பத்தை விட்டு அகலவில்லை.

ஒரு மணிக்குக் கம்பத்தில் விரலளவு ஈரம் தெரிந்தது. தண்ணீருக்கு மேலே, புதிதாக. மட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஏழு மணித்தியாலம்தான் ஆகியிருந்தது! போன வருஷத்தைவிட இந்த வருஷம் தண்ணீர் சாண் உயரம். கூடின தண்ணீர் கூடின வேகத்தில் ஓடும் என்பதை அவள் யோசிக்கவே இல்லை. பாலமோ தூணுக்கு இன்னும் பத்து முழம் இந்தப் பக்கம் நின்றது. தண்ணீர் ஒன்று எண்பதுக்குக் கீழே போனால் பாலத்தின் அடி தூணில் முட்டிவிடும்.

பேசாமல் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"மிஸ்! இறங்குது! நான் சொன்னது பிழையாப் போச்சு!"

மர்சூக் ஒரு சொல் ஏசவில்லை. "இழுங்கடா!" என்று கத்தினார். வடங்கள் முறுகின. சுலோஜனா தண்ணீரில் பாய்ந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூவினாள். "எண்பத்தஞ்சு!" பாலம் ஊர்ந்தது. "எண்பத்திமூணு!" ஸாதியா செருப்பில்லாமல் கரையில் ஓடினாள். "எண்பத்திரண்டு! கெதியா!" தூணின் விளிம்பைப் பாலம் மயிரிழையில் தாண்டியது. "எண்பத்தொண்டு!"

"நிப்பாட்டு!" மர்சூக்கின் இரண்டு கையும் மேலே போயின. பாலம் இரண்டு தூணுக்கும் நேர் மேலே நின்றது.

அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை. வாவி இறங்கியது, பாலமும் இறங்கியது. ஒரு மணித்தியாலம் கழித்து இரும்பு கல்லில் அமர்ந்த சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. மிதவைகள் பாரம் விட்டு விலகி ஆடின. கரையெல்லாம் கூக்குரல். ஸாதியா சுலோஜனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மர்சூக் கிட்ட வந்தார். "அக்கா, வயல் என்ன மாதிரி? தண்ணி வத்திட்டா?"

சுலோஜனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வயல்! காலையில் இருந்து அந்த நினைப்பே வரவில்லை. கரையில் வைத்த பைக்கு ஓடிப் போனை எடுத்தாள். வினாயகமூர்த்தி பதினேழு தரம் கோல் எடுத்திருந்தான்.

பின்னால் வந்த மர்சூக் அந்தத் திரையை எட்டிப் பார்த்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தார். "அண்டைக்கு நான் கேட்டத மன்னிச்சுக்கங்க அக்கா."

அவள் பதில் சொல்வதற்குள் போன் திரும்பவும் அடித்தது.

"எங்ககா போன நீ? வரம்பு தெரியுது! நம்மட வரம்பு தெரியுதுகா!"

"குந்திட்டுதுங்க!" என்று இவள் கத்தினாள். "கல்லில குந்திட்டுது!"

"என்னது? நான் வயலச் சொல்றன் புள்ள!"

"ஓம், ஓம், அதுவும்தான்!" என்றாள் சுலோஜனா. சிரிப்பில் அவளுக்கு மேலே பேச்சு வரவில்லை.