விமானத்தின் அடியில் படுத்திருந்தவன்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் முனீஸ்வரன் சிலை என்றாலே வேதகிரி மேஸ்திரியின் கைதான் நினைவுக்கு வரும். ஏரிக்கரையிலும் வயல்வெளியிலும் முழங்காலின் மேல் கத்தியை ஊன்றியபடி உட்கார்ந்திருக்கும் அந்த முனிகளுக்கு அவர் உருட்டி வைத்த கண்களைப் பார்த்து வண்டி மாடுகள் மிரண்டதுண்டு. முனியின் காலடியில் ஏவலாட்கள் சிலர் நிற்பார்கள். அவர்கள் முனியின் கணுக்கால் உயரம்கூட இருக்க மாட்டார்கள். பெரியவர் பெரியவராகத் தெரிய வேண்டும். தூரத்தில் வருகிறவன் யாரைக் கும்பிடுவது என்று யோசித்து நிற்கக் கூடாது. இதுதான் வேதகிரியின் தொழில் கணக்கு.

அந்தக் கணக்கை அவர் கோயில் வேலையில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய அப்பா காவாந்தண்டலத்தில் பண்ணையாளாக இருந்தவர். வரப்பில் நிலக்காரர் வந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி நிற்பார். வரப்பின் மேல் நிற்கிறவர் எவ்வளவு பெரிதாகத் தெரிவார், சேற்றில் நிற்கிறவர் எவ்வளவு சிறிதாகத் தெரிவார் என்பதை வேதகிரி அரைஞாண் கயிறு கட்டிய வயதிலேயே பார்த்துவிட்டார். பிறகு சித்தாளாகச் சுண்ணாம்பு சுமந்து, கொத்தனார்களின் கையைப் பார்த்துப் பார்த்துச் சிலை பிடிக்கும் சுதை வேலை பழகி, 'மேஸ்திரி' என்று நாலு பேர் கூப்பிடுவதற்குள் தலை நரைத்துவிட்டது. தனக்கு வாய்த்த உயரம் இவ்வளவுதான் என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மகன் விஷயத்தில் அந்த மனம் தேறவே இல்லை.

ஒரே மகன் இருசப்பன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், சாரம் கட்டி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தாம்பரத்துக்குப் போய் விமானப் படையில் சேர்ந்துவிட்டான். போகும்போது தாய் ஜெயம்மாளிடம், "ஏரோப்ளேன்ல வேலம்மா" என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வார்த்தை வேதகிரிக்குப் போதுமானதாக இருந்தது. கடைத்தெருவில் பெயிண்டும் ஆணியும் விற்கும் இனாயத்துல்லா பாய், பையன் பட்டாளத்தில் என்ன செய்கிறான் என்று ஒருநாள் கேட்டார். "ஏரோப்ளேன் ஓட்றான் பாய்" என்றார் வேதகிரி.

பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. மாட்டு வண்டியில் வேலை என்றால் வண்டி ஓட்டுவதுதானே? ஏரோப்ளேனில் வேலை என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? கடையில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித் திரும்பிப் பார்க்கும் கண்கள் அவருடைய வம்சத்துக்கே புதிது. அன்று வாங்க வந்த காவிக்கட்டியை மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அறுபத்து நாலாம் வருஷம் சித்திரை மாதம் இருசப்பன் லீவில் வருகிறான் என்று தெரிந்தது. அவன் புறப்பட்டபோது வாழ்த்தி அனுப்பாத குறை வேதகிரியின் நெஞ்சில் முள்ளாக இருந்தது. வாய் திறந்து அன்பு சொல்லத் தெரியாத மனிதர். கைக்குத் தெரிந்ததைச் செய்தார். முடி வெட்டும் கடையில் ஒட்டியிருந்த ஜெட் விமானப் படத்தைக் கேட்டு வாங்கி வந்து, அதைப் பார்த்து ஒரு போர் விமானம் செய்ய உட்கார்ந்தார்.

கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி உடல் செய்தார். பிஸ்கட் டின்னை வெட்டி இறக்கை வைத்தார். நூல்கண்டுக் கட்டையை அறுத்துச் சக்கரம் மாட்டினார். போட்டோ ஸ்டுடியோவில் வீணாய்ப்போன பிலிமை வெந்நீரில் கழுவி, வளைத்து, ஓட்டுகிறவன் தலைக்கு மேல் கண்ணாடி மூடி அமைத்தார். இரண்டு முழ நீளத்தில் விமானம் தயாரானது. அதன் பிறகுதான் அவருடைய சொந்த வேலை தொடங்கியது. கம்பியை வளைத்து எலும்பு கட்டி, கடுக்காய் நீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பை அப்பி, மனிதர்களை உருவாக்கினார். விமானிக்கு இருசப்பனின் முகம். அகன்ற மார்பு, நிமிர்ந்த கழுத்து. கிழங்கு மாதிரி தடித்த அந்த உருவம் இருக்கைக்குள் அடங்கவில்லை. மூடியை மூட முடியாமல் திறந்தபடியே விட்டார். படத்தில் இறக்கைக்குக் கீழே சில ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவன் சக்கரத்தின் அருகே மல்லாந்து கிடந்தான். ஏவலாட்கள் என்று முடிவு செய்து, அவர்களைக் கட்டைவிரல் அளவில் பிடித்து வைத்தார்.

பெயிண்ட் கொடுத்துவிட்டுப் போக வந்த இனாயத்துல்லா பாய் விமானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் மேஸ்திரி, இந்த டிரைவர் கொஞ்சம் எழுந்து நின்னா ப்ளேனு தரையிலயே குந்திக்குமே" என்றார். வேதகிரியும் சேர்ந்து சிரித்தார். அவர் வீட்டில் அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

இருசப்பன் வந்தான். விமானத்தைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். அப்பா தனக்காக ஒன்று செய்திருக்கிறார் என்பதை நம்ப அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. மறுநாள் காலையில் புளியமரத்து நிழலில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வர்ணம் அடித்தார்கள். வேதகிரி வெள்ளி வர்ணத்தைத் திறந்தார். மகன் கையைப் பிடித்துத் தடுத்தான். மேல்பக்கம் பச்சையும் சாம்பலும் திட்டுத் திட்டாக அடிக்க வேண்டுமாம், அடிப்பக்கம் மட்டும் வெள்ளியாம்.

"மேல இருந்து பாக்கறவனுக்கு இது காடு மாரி தெரியணும் நைனா. கீழ இருந்து பாக்கறவனுக்கு வானம் மாரி தெரியணும். கண்ணுக்குத் தெரியாம இருக்கறதுக்குத்தான் இந்தப் பெயிண்டு."

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்காக ஒரு பொருளுக்கு வர்ணம் அடிப்பார்களா என்று வேதகிரி வியந்துபோனார். இருந்தாலும் மகன் சொன்னபடியே செய்தார். இறக்கையில் காவி, வெள்ளை, பச்சை வட்டங்களை நூல் கட்டி இழுத்து இருசப்பன் போட்டான். ஜெயம்மாள் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பனும் பிள்ளையும் ஒரே தொன்னையில் தூரிகை தோய்ப்பதைப் பார்த்தபடி உள்ளே போக மனமில்லாமல் நின்றாள். அந்தக் காலைப் பொழுது அப்படியே நின்றிருக்கக் கூடாதா?

வட்டம் காய்வதற்காகக் காத்திருந்தபோது இருசப்பன் கேட்டான்: "நைனா, இதுல நான் எவன்?"

வேதகிரி பெருமையோடு விமானியைத் தொட்டுக் காட்டினார்.

இருசப்பன் தலையை ஆட்டி மறுத்தான். சக்கரத்தடியில் கிடந்த குட்டி உருவத்தின் மேல் விரலை வைத்தான். "நான் இவன். ஓட்றவரு ஆபீசர். சக்கரம், பிரேக்கு, எண்ணெ எல்லாம் நான் பாத்து சரின்னு சொன்னாத்தான் அவரு ஏறுவாரு. என்னை நம்பித்தான் ஏர்றாரு."

பிறகு தயங்கித் தயங்கி, எல்லோரையும் ஒரே அளவாகச் செய்துவிடலாமா என்று கேட்டான். அங்கே யாரும் யாரையும்விட இவ்வளவு பெரியவர் இல்லை என்றான். அவன் குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. தன்னை அப்பாவுக்கு அறிமுகம் செய்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. அந்த ஆசையைப் புரிந்துகொள்ளும் நிலையில் வேதகிரி இல்லை. அவர் கண்ணுக்குச் சேறுதான் தெரிந்தது. சேற்றில் இறங்கி நின்ற அப்பா தெரிந்தார். அந்தச் சேற்றிலேயே இப்போது தன் பிள்ளை மல்லாந்து கிடந்தான். சாயங்காலம் விமானத்தைப் பார்க்க ஊரையே கூப்பிட்டிருந்தார். அந்தச் சூட்டில் வார்த்தை நழுவியது.

"மல்லாக்கப் படுத்துக்கினு எண்ணெ தொடைக்கறதுக்கா ஊர வுட்டு ஓடின? வண்டி அச்சுக்கு மை போட்றவன் நம்ம ஊர்லயே கீறானே."

இருசப்பன் தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசி, துணியில் துடைத்து, ஒழுங்காக அடுக்கி வைத்தான்.

சாயங்காலம் ஊர் வந்தது. வந்தவர்களில் ஒருவர், எவ்வளவு உயரத்தில் பறப்பாய் தம்பி என்று கேட்டார். வேதகிரி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மகன் முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுக் கெஞ்ச முடியாததைக் கண்களால் கெஞ்சினார். இருசப்பன் அவரை ஒரு முறை பார்த்தான். பிறகு கேட்டவரிடம் திரும்பி, "மேகத்துக்கு மேல பறப்போங்க" என்றான்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே அவன் கிளம்பிவிட்டான். லீவு இன்னும் பாதிக்கு மேல் மீதி இருந்தது. ஜெயம்மாள் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே ஓடினாள். வேதகிரி எழுந்திருக்கவில்லை. அடுத்த லீவில் வருவான், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்த லீவு அவனுக்குக் கிடைக்கவே இல்லை.

அறுபத்தைந்தில் சண்டை வந்தது. வடக்கே ஒரு விமான தளத்தின் மேல் எதிரி விமானங்கள் குண்டு போட்டன. குண்டு விழுந்தபோது இருசப்பன் ஒரு விமானத்தின் அடியில் படுத்து, அது புறப்படுவதற்கான வேலையை முடித்துக்கொண்டிருந்தான். தாம்பரத்திலிருந்து ஜீப்பில் வந்த படைக்காரர்கள் வேதகிரியின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தச் செய்தியைச் சொன்னார்கள். ஜெயம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. வாசலில் ஒரு வார்த்தையும் கொல்லையில் ஒரு வார்த்தையுமாகக் கேட்டவர்கள் கடைத்தெருவுக்கு வேறொரு கதையைக் கொண்டுபோனார்கள். இருசப்பன் எதிரி விமானங்களைத் துரத்திச் சுட்டு வீழ்த்திவிட்டு வானத்திலேயே உயிரை விட்டான் என்று அன்று விளக்கு வைப்பதற்குள் உத்திரமேரூர் பேசியது.

துக்கம் கேட்க வந்தவர்கள் போய்த் தீர்ந்த பிறகு, சாக்கு போட்டு மூடி வைத்திருந்த விமானத்தை வேதகிரி வெளியே எடுத்தார். விமானியைப் பெயர்த்து மூலையில் வைத்தார். இருக்கைக்குள் அடங்கும் அளவில் வேறொரு விமானியைச் செய்தார். ஏணி பிடிக்கிறவன், எண்ணெய்க் குழாய் பிடிக்கிறவன் எல்லோரையும் அதே அளவில் செய்தார். கடைசியாகச் சக்கரத்தடியில் படுத்திருப்பவனைச் செய்தார். வாழ்நாளெல்லாம் உருட்டும் கண்களையே எழுதிப் பழகிய கைக்கு, வேலையில் மூழ்கிய ஒரு பிள்ளையின் பார்வை லேசில் வரவில்லை. எழுதி எழுதி அழித்தார். ஒருவழியாக அந்தப் பார்வை வந்தது. அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

அந்தச் சமயத்தில்தான் பாதுகாப்பு நிதி திரட்டும் கமிட்டியின் தலைவர் கிருஷ்ணசாமி வந்தார். நல்ல மனிதர், தானே கண்ணீர் விட்டுப் பேசினார். ஊர்வலத்தில் இந்த விமானத்தை வண்டியில் வைத்து இழுத்துப் போக வேண்டும் என்றார். 'வீர விமானி இருசப்பன்' என்று பலகை எழுதி வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு விமானத்துக்குள் எட்டிப் பார்த்தார். முன்பு இருந்த பெரிய உருவம் எங்கே, இது கூட்டத்தில் தெரியாதே என்று கேட்டார். மூலையில் கிடந்ததை அவரே கண்டுபிடித்து, துண்டால் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

வேதகிரி அவர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, எம்புள்ள ஏரோப்ளேன் ஓட்டலீங்க. இதோ, கீழ படுத்துக்கினு கீறான் பாருங்க, அவன்தாங்க எம்புள்ள. நான்தான் ஊர்ல தப்பாச் சொல்லிட்டேன்."

கிருஷ்ணசாமி அவர் தோளில் கை வைத்தார். கூட வந்தவர்களைப் பார்த்து, பாவம், சோகத்தில் நிலை தடுமாறிப் பேசுகிறார் என்று மெதுவாகச் சொன்னார். "மேஸ்திரி, உம்ம புள்ள மேகத்துக்கு மேல பறந்ததை அவன் வாயாலயே இந்த ஊரு கேட்டிருக்குது. நீர் ஏன் அவனைச் சின்னவனாக்கறீர்?"

பெரிய உருவத்தை அவர்களே மறுபடி இருக்கையில் நிறுத்தினார்கள்.

ஊர்வலம் மேளத்தோடு புறப்பட்டது. இருக்கையிலிருந்து பாதி உடம்பு வெளியே நிமிர்ந்து நின்ற விமானிக்கு மாலைமேல் மாலை விழுந்தது. பெண்கள் வளையலைக் கழற்றி உண்டியலில் போட்டார்கள். மாலைகள் வழிந்து இறக்கைக்குக் கீழேயும் நிறைந்தன. சக்கரம் மறைந்தது. சக்கரத்தடியில் இருந்தவனும் மறைந்தான். கோயில் முனை திரும்பும் வரை கூடவே நடந்த வேதகிரி, அதற்குமேல் முடியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஜெயம்மாள் ஊர்வலத்துக்குப் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நிஜத்தைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை என்று அவர் சொன்னார்.

"ஒன்ன நம்பாமயா? நீ சொன்னதத்தான் நம்பிக்கினு கீறாங்க. மொத மொத சொன்னியே, அத்த" என்றாள் அவள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

வேதகிரி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மேளச் சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றது. அதன் பிறகு அவள் கேட்டாள்.

"எங்கிட்ட அவன் வேலயப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்ல. ஒங்கிட்டத்தான் அன்னிக்கு மரத்தடியில ஒக்காந்து சொல்லிக்கினு இருந்தான். இன்னா வேல செஞ்சான் எம்புள்ள? சொல்லு, கேக்கறேன்."

வேதகிரி சொல்ல ஆரம்பித்தார். "சக்கரம், பிரேக்கு, எண்ணெ" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் மகன் சொல்ல வந்ததை அன்று அவர் சொல்ல விடவில்லை. ஜெயம்மாள் அவர் வாயையே பார்த்தபடி காத்திருந்தாள்.