ஆள் பிடித்த நானும் ஆட்டம் பழக்கிய ஜெசிந்தாவும்

இந்த வாரம் எனக்குக் குரல் இல்லை.

சத்தியமாகத்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கத்திய கத்தலில் போன குரல் இன்னும் வீடு திரும்பவில்லை. கையைக் காட்டித்தான் தேத்தண்ணி கேட்கிறேன். "இப்பிடியே இருங்கோ, வீடு நல்ல அமைதியா இருக்கு" என்கிறாள் மனைவி. நல்ல காலம், பத்தி எழுதக் குரல் தேவையில்லை!

விஷயம் என்ன? உதைபந்தாட்டம். சிசிலியின் பலெர்மோவில் எங்கள் கொலிஜ் கிண்ணத்துக்கான போட்டி.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொலிஜ்கள். அங்கே படித்தவர்களில் பலர் இப்போது இந்த நகரத்தில்தான் இருக்கிறோம். வீடு துடைக்கிறோம், சமைக்கிறோம், ஹோட்டலில் படுக்கை விரிக்கிறோம், வயது போனவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். கோயிலில் ஒரே வாங்கில் இருந்து ஒரே பூசை காண்கிறோம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் இரண்டு கொலிஜ் காரராகப் பிரிந்து, ஒருவரை ஒருவர் கண்ணாலேயே கொளுத்திவிடப் பார்க்கிறோம்.

பழைய மாணவர் மட்டும்தான் விளையாடலாம் என்பது ஆரம்பச் சட்டம். பழைய மாணவர்களுக்கு வயிறு வண்டி வைத்தது… சட்டத்துக்கும் கொஞ்சம் இடுப்புத் தளர்ந்தது. மகன் விளையாடலாம் என்றார்கள். பிறகு மருமகன். பிறகு "உறவினர்". எங்கள் சனத்துக்கு உறவுமுறை என்ற கதவைத் திறந்துவிட்டால் கேட்கவா வேண்டும்?

போன வருஷம் எதிரணி பாரிஸிலிருந்து கெவின் என்று ஒரு ஃபோவார்டை இறக்கியது. இடது காலால் அடித்தான் என்றால் கோல்காரன் திரும்பிப் பார்க்கத்தான் நேரம் இருக்கும். என்ன முறையில் உறவு என்று கேட்டோம். அவர்களுடைய செயலாளரின் சகலனுடைய தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் அண்ணனாம்! எங்களுக்குக் கணக்குப் போட்டு முடிவதற்குள் மூன்று கோல் விழுந்துவிட்டது. இந்த வருஷம் அந்தக் கலியாணப் பேச்சு முறிந்துபோனது. கெவின் மட்டும் முறியாமல் வந்து சேர்ந்தான்.

நாங்கள் சும்மா இருப்போமா? எங்கள் கமிட்டியில் ஆள் பிடிக்கிற பொறுப்பு என்னுடையது. லியோனில் மனைவியின் தங்கை மகன் நிரோஷன் இருக்கிறான். எனக்குப் பெறாமகன். கிளப்பில் விளையாடுகிறவன், உயரமானவன், கோல் வாசல் எங்கே என்று பார்க்காமலே தெரிந்தவன். இரண்டு கிழமை போனில் நின்று, பெரியம்மாவின் நண்டுக் கறியையும் காட்டி ஆசை மூட்டி, ஆளை இழுத்து எடுத்தேன்.

அந்தச் செய்தியைக் கமிட்டியில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவரைத் தவிர.

அவர்தான் ஜெசிந்தா. எங்கள் கோச்.

வன்னியில் பள்ளிக்கூடப் பெண்கள் அணிக்கு விளையாடியவர். இங்கே வந்த பிறகு இத்தாலியனில் பயிற்றுநர் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணியவர். கிழமை முழுக்க ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறவர். கணவன் எங்கள் கொலிஜ், ஆகவே எங்களுக்கு மருமகள் முறை. வேறு யாரும் முன்வராததால் போன வருஷம் அவர் தலையில் கட்டினோம். கட்டியது நாங்கள்தான், ஆனால் பழக்கத் தொடங்கிய பிறகு எங்களை அதட்டியது அவர்தான். வியாழன் பின்னேரம் வீட்டுவேலைக்காரருக்கு லீவு. கால்சா என்கிற பழைய பகுதிக்கு முன்னால், கடற்கரைப் புல்வெளியில் பயிற்சி. பிந்தி வந்தால் ஓட்டம். சாட்டுச் சொன்னால் இன்னொரு ஓட்டம். நாற்பது வயதுக்காரரையும் விடவில்லை.

எங்கள் தலைவர் ஞானம் அண்ணை நல்ல மனுசன். ஆனால் நாக்குக்கு மறைப்புக் கிடையாது. அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்.

"ஜெசிந்தா பிள்ளை, இந்த முறை நல்ல ஆளையும் தாறம். இனியும் தோத்தா, கோச் வேலையை வேறை ஆரிட்டையாவது குடுக்கிறதுதான். குறை நினையாதையும்."

ஜெசிந்தா வெளியே வந்து வாசலில் செருப்புப் போடும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"அண்ணை, நான் கிழமை முழுக்க சிஞ்ஞோராவின்ரை மருந்து, சிஞ்ஞோராவின்ரை சாப்பாடு, சிஞ்ஞோராவின்ரை மகளின்ரை கோபம். இந்தப் பெடியளோடை நிக்கேக்கை மட்டும்தான் எனக்கு நான் ஆர் எண்டு தெரியுது. அதையும் பறிச்சா என்ன செய்யிறது?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு தைரியம். நிரோஷன் வருகிறானே! கோல் அடிப்பான், வெல்லுவோம், ஜெசிந்தாவின் வேலையும் தப்பும். நானே காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நிரோஷன் வந்து இறங்கினான். நேரே புல்வெளிக்குக் கூட்டிப் போனேன். ஜெசிந்தா அவனைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். பந்தை அவன் தொடுகிற அழகில் எங்கள் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"நல்ல ஆட்டம்" என்றார் ஜெசிந்தா. "நாளைக்கு வெளியிலை இரும். தேவைப்படேக்கை கூப்பிடுறன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? லியோனில் இருந்து ஆளைக் கொண்டுவந்தது வெளியில் இருத்தி வைக்கவா?

"ஜெசிந்தா, உமக்கென்ன விசரே? உம்மடை வேலைதானே போகப்போகுது!"

"ஓம் அண்ணை, என்ரை வேலைதான். அதுதான் நானே முடிவெடுக்கிறன்."

நிரோஷன் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தான். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது.

ஞாயிறு வந்தது. நகரத்துக்கு வெளியே வாடகைக்கு எடுத்த மைதானம். ஒரு பக்கம் எங்கள் பெண்களின் றோல்ஸ் கடை, மற்றப் பக்கம் வான் வண்டிக்குள் கடலைமாப் பனெல்லே பொரித்து விற்கிற சிசிலிக்காரன். அவனும் எந்த அணி என்று விசாரித்துவிட்டு எங்கள் பக்கம் சேர்ந்துகொண்டான். ஆட்டம் தொடங்கியது… கெவினும் தொடங்கினான். முதல் பாதி முடியவில்லை, இடது கால், வலையின் மூலை, ஒன்று–பூச்சியம்.

ஞானம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஜெசிந்தா கெவினைப் பார்க்கவே இல்லை! அவர் பார்த்துக்கொண்டிருந்தது மொட்டை ராஜனை.

ராஜன் யார் என்றால், எதிரணிக்காரர், வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் நிற்கிறவர். வேகம் இல்லை, மூச்சும் இல்லை. அவரை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை.

இடைவேளையில் ஜெசிந்தா பெடியளைச் சுற்றி இருத்தினார்.

"கெவினை மறந்துபோங்கோ. அவன் பந்தை எடுக்கப் பின்னுக்கு வாறேல்லை, வந்ததை அடிக்கிறான். அவன்ரை இடது காலுக்கு ஆர் போடுகினம்? ராஜன் அண்ணை மட்டும்தான். மற்ற ஆக்களுக்கு அவன் எங்கை கேக்கிறான் எண்டே தெரியாது, வருஷத்திலை ஒருநாள்தானே வாறவன்! தினேஷ், நீர் ராஜன் அண்ணையோடை ஒட்டும். அவர் தண்ணி குடிக்கப் போனாலும் நீரும் போம்."

தினேஷ் சொன்னதைச் செய்கிற பிள்ளை. உண்மையாகவே ராஜன் தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது பக்கத்தில் போய் நின்றான். மைதானமே சிரித்தது.

பிறகு நடந்ததைத்தான் நான் கத்திக் கத்திப் பார்த்தேன். கெவினுக்குப் பந்து போகவில்லை! கையை விரிக்கிறான், காலை உதறுகிறான், தன் ஆட்களையே பிரெஞ்சில் ஏசுகிறான். அவர்கள் தமிழில் திருப்பி ஏசுகிறார்கள். றெஃப்ரி இத்தாலியனில் எல்லோரையும் ஏசுகிறார். இதற்கு நடுவில் எங்களுக்கு ஒரு கோர்னர். வியாழக்கிழமைகளில் அலுக்க அலுக்கப் பழகிய அதே கோர்னர். கிட்டக் கொடுத்து, திருப்பி வாங்கி, முன் கம்பத்துக்குப் போட்டு… தலை! ஒன்றுக்கு ஒன்று!

என் குரலின் முதல் பாதி அங்கே போனது.

கடைசிக் கட்டம். ஜெசிந்தா நிரோஷனைக் கூப்பிட்டார். "இப்ப போம். ஓடி மினக்கெட வேண்டாம். அவையளிலை நடுவிலை மறிக்கிற இரண்டு பேரும் களைச்சுப்போச்சினம். அவைக்கு இடையிலை நில்லும், பந்து உம்மட்டை வரும்."

வந்தது. எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் வந்தது! அவன் நெஞ்சில் இறக்கி, ஒரு அடி எடுத்து வைத்து, கோல்காரனின் கையுறைக்கு மேலால் ஒரு தட்டு… அவ்வளவுதான். கிண்ணம் எங்களுக்கு!

என் குரலின் மற்றப் பாதி. நான் மைதானத்துக்குள் ஓடினேன். வேட்டி கட்டியிருந்ததை மறந்து ஓடினேன். "ஆளைப் பிடிச்சது நான்! ஆளைப் பிடிச்சது நான்!" பனெல்லேக்காரனையும் கட்டிப்பிடித்தேன்.

"ஆளை எங்கை நிப்பாட்டுறது எண்டு கண்டுபிடிச்சது ஆர்?" என்று மனைவி கேட்டது எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யோசித்துப் பார்த்தால், ஆள் பிடிக்கிறவன் சந்தையில் நல்ல இறைச்சி வாங்கி வருகிறவன் மாதிரித்தான். கறி ருசித்தால் "இறைச்சி அப்படி" என்று நெஞ்சை நிமிர்த்துவான். ருசிக்காவிட்டால் "சமைச்சது சரியில்லை" என்று நழுவிவிடுவான். இரண்டு வழியிலும் அவனுக்குச் சேதம் இல்லை! சமைக்கிறவருக்குத்தான் வேலை போகும். இதை நான் உதைபந்தாட்டத்துக்கு மட்டும் சொல்லவில்லை, உங்கள் அலுவலகத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

சரி, கதை முடியவில்லை. இனித்தான் இருக்கிறது.

ஜெசிந்தாவுக்குப் பஸ் நேரம். பொழுது படுவதற்குள் சிஞ்ஞோராவின் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை எதிரணித் தலைவர் செல்வராசா குறுக்கே மறித்தார்.

"பிள்ளை, எங்களுக்குக் கெவினும் வேண்டாம், ஒருத்தரும் வேண்டாம். நீர் அடுத்த வருஷம் எங்களுக்குப் பழக்க வாறீரோ?"

ஜெசிந்தா பஸ்ஸைப் பார்த்தார். "சரி அண்ணை… வாறன்!" என்றார். ஓடி ஏறிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பொதுக் குறூப்பில் படம் வந்துவிட்டது. ஜெசிந்தாவின் முகம், சுற்றிப் பூமாலை, கீழே "எமது புதிய பயிற்றுநரை இருகரம் கூப்பி வரவேற்கிறோம்". உறவுமுறையும் போட்டிருந்தார்கள். ஜெசிந்தாவின் பெரியப்பா அவர்களுடைய கொலிஜில் ஏழாம் வகுப்புவரை படித்தவராம்!

ஞானம் அண்ணை போன் எடுத்தார். அழாத குறை. "கிண்ணம் இஞ்சை இருக்கு, கோச் அங்கை போயிட்டா! என்னடாப்பா இது?"

திங்கள் காலையில் இரண்டு பேரும் வியா மக்வேதா வீதிக்கு ஓடினோம். சிஞ்ஞோராவின் வீடு அங்கே, மேல்மாடியில். ஜெசிந்தா பல்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கதிரையில் சிஞ்ஞோரா. நாங்கள் கீழே, சுற்றுலாக்காரருக்கு நடுவில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு.

எனக்குத்தான் குரல் இல்லையே. ஞானம் அண்ணை கத்தினார்.

"பிள்ளை! நீர் செல்வராசாவிட்டை வாறன் எண்டு சொன்னனீராமே?"

"ஓம், சொன்னனான்."

ஞானம் அண்ணையின் முகம் செத்துப்போனது.

"பஸ்ஸுக்கு ஓடேக்கை வேறை என்னத்தைச் சொல்லுறது அண்ணை? வயசுக்கு மூத்த மனுசனிட்டைப் போறன் எண்டோ சொல்லுறது?"

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. பிறகு சிரிப்பு வந்தது, சத்தம் வரவில்லை. வாசல் தாண்டும்போது எங்களில் யார்தான் "போறன்" என்றிருக்கிறோம்? விடைபெறுவதற்குச் சொன்ன சொல்லை எடுத்து, அதற்குப் பூமாலையும் போட்டிருக்கிறார் செல்வராசா!

"அவர் கேட்டதே எனக்குச் சரியாக் கேக்கேல்லை. ராத்திரிப் படத்தைப் பாத்துத்தான் அறிஞ்சனான்" என்றார் ஜெசிந்தா.

இவர்கள் யார் என்று சிஞ்ஞோரா இத்தாலியனில் கேட்டார். "என்னை நிறுத்திவிடலாம் என்று இருந்தவர்கள்" என்று ஜெசிந்தா இத்தாலியனில் சொன்ன பதில் தெளிவாகவே கீழே விழுந்தது. சிஞ்ஞோரா எட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஞானம் அண்ணை தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப பிள்ளை, வரேல்லை எண்டு செல்வராசாவுக்கு ஒரு வசனம் எழுதிவிடுமன்?"

"எழுதலாம். அடுத்த வருஷமும் நான்தானோ கோச்?"

"நீர்தான், நீர்தான்! வேறை ஆர்?"

"தோத்தாலும்?"

  ஞானம் அண்ணை என்னைப் பார்த்தார். நான் தலையைப் பலமாக ஆட்டினேன்.

"தோத்தாலும்" என்றார்.

"வாயாலை வேண்டாம் அண்ணை. என்னை நிப்பாட்டுறன் எண்டு எல்லாருக்கும் முன்னாலைதானே சொன்னனீங்கள்? இதையும் எல்லாருக்கும் முன்னாலை எழுதுங்கோ."

ஞானம் அண்ணை மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டு, அந்த நடு வீதியில் நின்று, ஒற்றை விரலால் குறூப்பில் தட்டினார். "ஜெசிந்தாதான் எங்கடை கோச். வெண்டாலும். தோத்தாலும்."

மேலே ஜெசிந்தாவின் போன் கிணுங்கியது. எடுத்து வாசித்தார். கையிலிருந்த ஈரத் துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லியோன் வரைக்கும் போன் போட்டு ஆள் பிடித்த எனக்கு இப்போதுதான் தெரிகிறது… இருக்கிற ஆளைப் பிடித்து வைத்திருக்கத்தான் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கிறது!